பிறர் தூண்டுதலின்றி

தேரிமங்கலத்தில் மனிதர்களின் பிடரியில் கை முளைக்கத் தொடங்கியது ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமை. முதலில் பார்த்தவன் முடிவெட்டுகிற இசக்கி. ஊரில் பிடரிகளைப் பார்த்தே பிழைக்கிறவன் அவன் ஒருவன்தான், அதனால் அதில் வியக்க ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த உரக்கடைக்காரரிடம் மீசையை வைக்கவா எடுக்கவா என்று கேட்டான். அவர் கண்ணாடியில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்தவர் போல, எடுத்துவிடு என்றார். சொன்ன வாயை மூடுவதற்குள் அவர் பிடரியில், முடிக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில், மணிக்கட்டோடு முடிந்துபோகிற ஒரு கை வந்து உட்கார்ந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் நாலு. விரல்களில் அரிசி மாவு. அதே நேரத்தில் உரக்கடைக்காரரின் மனைவி வீட்டில் தன் இரண்டு கைகளாலும் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. இசக்கி கையைச் சுற்றி வெட்டினான், மீசையை எடுத்தான், எடுத்து முடித்ததும் கை போய்விட்டது, அது இருந்த இடத்தில் ஐந்து விரல் அகலத்துக்கு முடி வெட்டுப்படாமல் நின்றது.

ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். வந்தது. அவ்வளவுதான்.

எவனாவது ஒன்றைத் தீர்மானித்தால் அந்தத் தீர்மானத்தை அவனுக்குள் வைத்தது யாரோ அவர் கை வரும், தீர்மானித்தது நடந்து முடிகிறவரை இருக்கும், பிறகு போகும். தொட்டால் சதை. பிடித்து இழுத்தால் கழுத்துத் தோலும் சேர்ந்து வரும். கண்ணாடியில் தெரியாது, கேமராவில் விழாது. கைக்கு உரியவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பார்ப்பார். செத்தவர்கள் கையும் வந்தது, உயிரோடு இருக்கிறவர்கள் கையை விட அதிகமாகவே வந்தது. தன் பிடரியைத் தான் பார்க்க முடியாது என்பதால், ஒருவனுடைய கை அவனைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது என்று நினைத்தால் உங்களுக்கு ஊரைத் தெரியாது. நாலு நாள் பேசினார்கள். ஐந்தாம் நாள் ரேஷன் கடையில் துவரம்பருப்பு வந்தது, அங்கே போய்விட்டார்கள். சித்திரை வெயிலில் ஆண்கள் கழுத்தைச் சுற்றித் துண்டு போட ஆரம்பித்தார்கள், யாரும் கேட்டால் சளி, தடுமன் என்றார்கள். சட்டமன்ற உறுப்பினரின் கை விழுந்தவர்கள் மட்டும் காலரை மடித்துவிட்டுக்கொண்டு கடைத்தெருவில் இரண்டு தடவை அதிகமாக நடந்தார்கள். ஜவுளிக்கடையில் மாம்பழ நிறச் சேலை எடுத்த முப்பது பெண்களின் பிடரியிலும் நகச்சாயம் பூசிய ஒரே கை, விளம்பரத்தில் வருகிற நடிகையுடையது, வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒருத்தி மற்றவளைப் பார்த்துச் சிரித்தாள், சேலையை ஒருத்தியும் திருப்பிக் கொடுக்கவில்லை. மனிதன் சுதந்திரமானவன் என்று கல்லூரியில் பேசிப் பரிசு வாங்கிய பையன் பிடரியில், ரோமம் அடர்ந்த ஒரு வெள்ளைக்காரன் கை, பேசி முடிக்கும்வரை பதவிசாக இருந்தது. கடவுள் இல்லை என்று நாற்பது வருடமாகச் சொல்லிவந்த தையல்காரர் பிடரியில் விபூதி மணக்கிற அவருடைய அப்பா கை இருந்தது; அப்பா சொன்னதற்கு மாறாக நடப்பதும் அப்பா கைதான் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. மைதானத்தில் ஒரு கட்சிக் கூட்டம் நடந்தது. இரண்டாயிரம் பிடரி, எல்லாவற்றிலும் தலைவரின் மோதிரக் கை. பேசி முடித்துத் தலைவர் திரும்பி மேடையிலிருந்து இறங்கினார். அவர் பிடரியில், யாருக்கும் அடையாளம் தெரியாத, அழுக்கு நகத்தோடு ஒரு மெலிந்த கை. பார்த்தார்கள். பொட்டலம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரே வாரத்தில் மூன்று அடிதடி நடந்த பிறகுதான் ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தது. உன் பிடரியில் இன்னார் கை இருக்கிறது என்று எவனுக்கும் எவனும் வலியச் சொல்லக்கூடாது. அவனாகக் கேட்டால் சொல்லலாம். கேட்காதவனுக்குச் சொன்னால் ஊர்க் குற்றம். எந்தக் கட்டுப்பாட்டையும் மூன்று நாளைக்கு மேல் மதிக்காத தேரிமங்கலம் இதை மட்டும் மதித்தது, ஏனென்றால் கேட்க எவனுக்கும் தைரியமில்லை, கேட்காமல் இருப்பதற்கு ஒரு மரியாதையான காரணம் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

பத்திர எழுத்தர் குற்றாலிங்கத்துக்கு இந்தக் கட்டுப்பாடு வேடிக்கையாக இருந்தது. அறுபத்துமூன்று வயது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகை, மேசை, நாற்காலி, நாற்பது வருடம். கிரயம், தானம், உயில், பாகப்பிரிவினை, எதை எழுதினாலும் எல்லாப் பத்திரத்திலும் ஒரு வரி எழுதியாக வேண்டும். 'என் முழு மனதுடனும் சுயபுத்தியுடனும், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி' என்கிற வரி. குடிகார அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிவந்த தம்பிக்கும் எழுதினார், மருமகள் கண்ணைப் பார்த்துக்கொண்டே எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்ட கிழவருக்கும் எழுதினார், அப்பன் வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுக்க அண்ணன்மார் காரில் ஏற்றிவந்த தங்கைமார்களுக்கு எழுதியதற்குக் கணக்கே இல்லை. அந்த வரியை எழுதும்போதெல்லாம் அவர் மேலுதடு ஒரு பக்கமாக ஏறும். இப்போது கைகள் வந்த பிறகு, எழுதிக்கொடுப்பவர் குனிந்து கையெழுத்துப் போடும்போது பிடரியைப் பார்த்துக்கொண்டே அந்த வரியை அவர் சத்தமாக வாசித்துக் காட்டத் தொடங்கினார். ஆடு மாடு, என்பார். மேய்க்கிறவன் வேறு வேறு, மேய்கிறதுகள் எல்லாம் ஒன்று, என்பார்.

தன்னைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. காரணம் ஒன்றுதான்: அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சின்ன வயதில் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பேனா கேட்டதில்லை. போன பேருந்து எது, வரப்போவது எது என்று கேட்டதில்லை. கேட்பதை விட மூன்று மைல் நடப்பார். வழி கேட்கிறவனைக் கண்டால் அவருக்கு அருவருப்பு. கேட்கிறவன் கேட்ட இடத்தில் தன்னை வைத்துவிட்டு வருகிறான் என்பது அவர் கட்சி. கேட்காதவனுக்கு யாரும் எஜமானன் இல்லை, கேட்காதவன் பிடரியில் எவன் கை வைப்பான்.

அவர் கேட்காததால் யாரும் சொல்லவில்லை. கை வந்த முதல் வாரத்திலிருந்தே குற்றாலிங்கத்தின் பிடரியில் ஒரு கை இருந்தது. மற்றவர்களுக்குத் தீர்மானம் முடிந்ததும் போகிற கை, இவருக்குப் போகவேயில்லை; அவர் பத்திரம் எழுதும்போதும் இருந்தது, காறித் துப்பும்போதும் இருந்தது, ஆடு மாடு என்று அடுத்தவனைச் சொல்லும்போது நன்றாகவே அழுந்தி இருந்தது. பெண் கை. ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோன அவர் மனைவி கை அல்ல, அவள் கை கொஞ்சம் பருமன், அது எல்லாருக்கும் தெரியும். யாருடையது என்று தேநீர்க் கடையில் அவர் போன பிறகு பேசினார்கள். ஊரில் இப்போது இருக்கிற பெண்கள் யாருடையதும் இல்லை என்பதற்கு மேல் கண்டுபிடிக்க முடியவில்லை. விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் அலுவலகத்தில் ஒரு சிக்கல். சார்பதிவாளர் எஸ்தர் பாக்கியம் நேர்மையான அம்மாள். பிறர் தூண்டுதலின்றி என்று எழுதியிருக்கிறது, எழுதிக்கொடுப்பவர் பிடரியில் கை இருக்கிறது, இதை எப்படிப் பதிவது என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். பத்தொன்பது நாள் தேரிமங்கலத்தில் ஒரு பத்திரமும் பதிவாகவில்லை, ஒருவரும் தங்கள் சுயபுத்தியால் எதையும் விற்கவோ கொடுக்கவோ முடியவில்லை. மனுப் போனது. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தார், கேமராவில் கை விழவில்லை என்பதைப் பார்த்தார், அப்படியொன்றும் இல்லை என்று அறிக்கை எழுதக் குனிந்தார். எழுதி முடிக்கும்வரை, தங்கக் கடிகாரம் கட்டிய ஒரு பெரிய அதிகாரியின் கை அவர் பிடரியில் இருந்ததை எஸ்தர் பாக்கியமும் அலுவலக உதவியாளர் சுடலைக்கண்ணும் நின்று பார்த்தார்கள். ஆனாலும் இருபதாம் நாள் சுற்றறிக்கை வந்தது. கை இருக்கும் பட்சத்தில், 'மேற்படி கையை அறிந்தும் சம்மதித்தும்' என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும். கைக்கு உரியவர் உயிரோடு இருந்தால் சாட்சியாக வந்து பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் நகல் இணைக்க வேண்டும். எல்லாருக்கும் நிம்மதி. பழையபடி விற்றார்கள், வாங்கினார்கள்.

குற்றாலிங்கத்தின் அப்பா போன ஐப்பசியில் இறந்தார். கீழத்தெருவில் ஒரு வீடு. முன்கட்டு, பின்கட்டு, நடுவில் முற்றம். மகன் ஒன்று, மகள் ஒன்று. மகள் ஆவுடை திருமணமாகிப் போய் முப்பத்தாறு வருடம். அவள் புருஷன் இறந்து நாலு வருடமாகிறது, திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், இரண்டு அறை வாடகை வீடு, இரவில் பனியன் தைக்கிற மிஷினுக்கு அடியில் பாயை விரித்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் குற்றாலிங்கத்துக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை.

வீட்டை அவளிடமும் அவர் கேட்கவில்லை. அதில் அவர் உறுதியாக இருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வாசலில் அப்பா பெயர் இருந்த பலகையைக் கழற்றிவிட்டுத் தன் பெயரை மட்டும் மாட்டினார். தங்கை வந்தால் தங்குகிற பின்கட்டு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தை மாதம் கரும்பும் மஞ்சள் குலையும் சேலையும் வைத்து அண்ணன் வீட்டிலிருந்து தங்கைக்குப் போகிற பொங்கப்படி, முப்பத்தைந்து வருடம் தவறாமல் போனது, இந்த வருடம் போகவில்லை. மறந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பொங்கலை எவன் மறப்பான். ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாசி போய், பங்குனி போய், சித்திரை முடிகிற நேரத்தில் ஆவுடையே தொலைபேசியில் கூப்பிட்டாள். அண்ணே, வார வியாழக்கிழமை வாரேன், விடுதலைப் பத்திரத்தை எழுதி வைங்க, என் பங்க விட்டுக்குடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன் என்றாள். சரி என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு, கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார்.

பத்திரத்தை அவரே எழுதினார். சுற்றறிக்கையில் சொன்ன புதிய வரியைச் சேர்க்கவில்லை. பழைய வரியை மட்டும், வழக்கத்தை விடப் பெரிய எழுத்தில், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி என்று எழுதினார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த வரி உண்மையாக இருக்கப்போகிறது என்று நினைத்தார். நினைத்ததோடு விட்டிருக்கலாம். புதன்கிழமை தேநீர்க் கடையில், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நாளைக்குப் பத்தரை மணிக்கு ஆபீசுக்கு வாங்கடே. கை இல்லாத பிடரி எப்படி இருக்கும்னு காட்டுதேன். ஒண்ணில்ல, ரெண்டு."

எல்லாரும் தங்கள் டம்ளருக்குள் பார்த்தார்கள். கடைக்காரர் அடுப்பைத் துடைத்தார். கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு.

வியாழக்கிழமை ஊரில் வேலை உள்ளவன் இல்லாதவன் எல்லாரும் அலுவலகத்தில் இருந்தார்கள். ஆவுடை எட்டு மணிப் பேருந்தில் வந்து இறங்கி, அண்ணன் வீட்டுக்குப் போகாமல், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, ஒட்டின முகம், மடியில் ஒரு துணிப்பை. குற்றாலிங்கம் வந்தவர் நேராக உள்ளே போய்ப் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. டோக்கன் எண் பதினொன்று கூப்பிட்டார்கள். எஸ்தர் பாக்கியம் பத்திரத்தைப் படித்தார், பழைய வரியைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் குற்றாலிங்கத்தையும் பார்த்தார்.

"யாரோட தூண்டுதலும் இல்லாம எழுதிக் குடுக்கீங்களாம்மா?"

"ஆமா மேடம்."

ஆவுடை பேனாவை எடுத்துக் குனிந்தாள். கை வந்தது.

கறுத்த கை, ஆண் கை. நடுவிரலின் ஓரத்தில் பேனா அழுத்தி அழுத்தித் தடித்த காய்ப்பு. சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கோணல். அறையில் இருந்த எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த குற்றாலிங்கத்தின் வலது கையைப் பார்த்தன. குற்றாலிங்கமும் பார்த்தார். முதலில் தங்கையின் பிடரியை, பிறகு தன் கையை, திரும்பவும் பிடரியை. நாற்பது வருடம் எழுதிய கையை அடையாளம் தெரியாமல் போகுமா.

சுடலைக்கண்ணு மைப் பெட்டியைத் திறந்து நீட்டினான். "அண்ணாச்சி, கைக்காரர் ரேகை வேணும். சட்டம்."

பின்னால் எவனோ சிரித்தான். அது பரவியது.

"நான் கேக்கல," என்றார் குற்றாலிங்கம். "ஒரு வார்த்தை கேக்கல. அவகிட்டயே கேட்டுக்கிடுங்க."

"அண்ணன் கேக்கல, நெசந்தான்," என்றாள் ஆவுடை. அவள் சொல்லும்போது பிடரியில் இருந்த கை இன்னும் கொஞ்சம் அழுத்தியது, அவள் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. கேலி அடங்கிவிட்டது.

குற்றாலிங்கத்துக்குக் காது சூடேறியது. இது ஏதோ கோளாறு என்றார். இந்தக் கைகளே பித்தலாட்டம் என்றார். அவள் பிடரி என்னவும் ஆகட்டும், எவன் சொல் பேச்சும் கேட்காதவன் பிடரி எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று தோளில் கிடந்த துண்டை உருவி எறிந்துவிட்டுக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்தார். சிரிப்பு வரும், அல்லது சிலாகிப்பு வரும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் வரவில்லை. குனிந்தபடியே முகத்தைத் திருப்பினார். எதிரே ஆவுடை நின்றாள். அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் போன போக்கைக் கண்டதும், அறுபத்துமூன்று வருடத்தில் கேட்டிராத ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

"என்ன இருக்கு?"

"கேட்டுட்டீக," என்றான் சுடலைக்கண்ணு. பெருமூச்சு விட்டான், ஊரே விட்டது. "கேட்டதுனால சொல்லுதேன். கை இருக்கு. பங்குனியில இருந்து இருக்கு. ஒரு நா கூட எறங்கல. பொம்பளை கை. யாருதுன்னு எங்களுக்குத் தெரியல."

ஆவுடைக்குத் தெரிந்தது. மேசையைச் சுற்றி வந்து, தன் வலது கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். இரண்டிலும் மோதிர விரலில் மேல்கணு இல்லை. ஒன்பது வயதில் அண்ணனுக்குக் கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்டுப் போன கணு. அன்றைக்கும் அவர் கேட்கவில்லை. கரும்பைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அப்ப நாந்தானா," என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. "யாருகிட்டயும் எதையும் கேக்காத மனுசன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீக. நான் எங்க கேக்க விட்டேன்? சோறு கேக்குமுன்ன சோத்த வச்சேன், பேனா கேக்குமுன்ன என் பேனாவக் குடுத்துட்டு நான் பள்ளிக்கொடத்த விட்டு நின்னேன். இன்னைக்கும் வீட்டக் கேக்குமுன்ன ராத்திரியெல்லாம் பஸ்ஸுல ஒக்காந்து வந்துருக்கேன். உங்கள இப்பிடி ஆக்கினது நானு. என்னைய இப்பிடி ஆக்கினது நீங்க. நல்லாத்தான் புடிச்சுத் தள்ளிருக்கோம்."

பேனாவை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ கேளுங்க. ஆவுடை, உன் பங்கு எனக்கு வேணும்னு வாயத் தொறந்து கேளுங்க. போட்டுத் தாரேன். திருப்பூர்ல மிஷினுக்கு அடியில எனக்குப் படுக்க எடம் இருக்கு, செத்தாலும் அங்கேயே சாவுதேன். ஆனா கேக்கணும். நீங்க கேக்காம இனிமே நான் ஒண்ணும் தாரதா இல்ல."

இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

அவள் கட்டிக்கொண்டதும் குற்றாலிங்கத்தின் பிடரியில் இருந்த கை எழும்பியது. சுண்டுவிரல் முதலில், பிறகு குறைவிரல், பிறகு ஒவ்வொன்றாக, வருடக்கணக்காக ஒட்டியிருந்த எதையோ உரிப்பது போல எழும்பி, இல்லாமல் போனது. அந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. மின்விசிறிக் காற்று அங்கே பட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நிமிர்ந்து நின்றார். கேட்க வேண்டியது நாலே சொல். வீடு வேண்டும் என்பது காலைவரை அவருக்குத் தெரிந்திருந்தது. வேண்டுமா என்பது இப்போது தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். அதைச் சொல்லவும் ஒன்றும் உந்தவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கலாம், உனக்கு இருக்க இடம் இல்லை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம், என்னை மன்னித்துவிடு என்று கூடச் சொல்லலாம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்கிற நிலையில், இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல், நாக்கு நடுவாயில் நின்றது. ஊரார் வாயில் நாற்பது வருடமாக முழு மனதையும் சுயபுத்தியையும் வைத்து எழுதிய மனிதருக்கு, யாரும் தள்ளாத ஒரு சொல் தன் வாய்க்கு வரவில்லை.

பன்னிரண்டாம் டோக்கன்காரர் இருமினார். இன்னும் இரண்டு நிமிஷம் பார்ப்பேன் என்றார் எஸ்தர் பாக்கியம், ஐந்து நிமிஷம் பார்த்தார்.

ஆவுடை பேனாவை மூடி மேசையில் வைத்தாள். வைத்ததும் அவள் பிடரியில் இருந்த கோணல் சுண்டுவிரல் கையும் போய்விட்டது.

"அடுத்த வெள்ளிக்கிழமை சாமான கொண்டாந்து பின்கட்டு ரூம்புல எறக்குதேன்," என்றாள். "சாவி வேணும்."

கேட்டாள். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் பிடரியில் ஒன்றுமில்லை. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், வெறும் பிடரி, வெளுத்த தோல். பார்க்க நன்றாக இல்லை. வேட்டி அவிழ்ந்தவனைப் பார்த்துவிட்டது போலச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆவுடை சாவியை வாங்கித் துணிப்பையில் போட்டாள். முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் பிடரி தெரியாமல் மூடிக்கொண்டு படியிறங்கினாள். கையெழுத்துப் போட மறுத்து இறங்கியபோது அவள் பிடரியில் யார் கை இருந்தது, மகள் கையா, செத்த புருஷன் கையா, ஒன்றுமே இல்லையா என்று ஊர் மூன்று வாரம் அடித்துக்கொண்டது. கேட்டால் சொல்லலாம் என்றுதான் கட்டுப்பாடு. அவள் யாரிடமும் கேட்கவில்லை. முந்தானைக்குள் பார்க்கிற தைரியம் எவனுக்கும் இல்லை. பிறகு ரேஷனில் பாமாயில் வந்தது.

எஸ்தர் பாக்கியம் பத்திரத்தில் குறுக்கே கோடு இழுத்தார். பன்னிரண்டாம் டோக்கன் நடந்தது, பதிமூன்று நடந்தது. குற்றாலிங்கம் நின்ற இடத்தில் நின்றார். உட்காருங்க அண்ணாச்சி என்று சுடலைக்கண்ணு சொன்னதும் உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தான், குடித்தார். எதிரே கொட்டகையில் கிரயப் பத்திரத்துக்கு இரண்டு பேர் காத்திருந்துவிட்டு வேறு எழுத்தரிடம் போனார்கள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மேடம் கிளம்பினார். சுடலைக்கண்ணு ஜன்னல்களைச் சாத்தி, குற்றாலிங்கத்தை எழுப்பி வெளியே நிறுத்தி, கதவைப் பூட்டினான்.

"எந்தப் பக்கம் போறீக?"

அவர் சாலையைப் பார்த்தார். இடது பக்கம் கீழத்தெரு. வலது பக்கம் பேருந்து நிலையம், தேநீர்க் கடை, அதற்கும் அப்பால் ரயில் கேட். இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. எந்தப் பக்கம் போனாலும் ஒன்றும் இல்லை, போகாவிட்டாலும் ஒன்றும் இல்லை. ஒரு வண்டி ஆரனை அழுத்திக்கொண்டு அவரைச் சுற்றிப் போனது. அவர் அசையவில்லை.

சுடலைக்கண்ணு கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்கு ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், அது தூரத்தில் திரும்புவது தெரிந்தது. சாவிக் கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, பசை நாற்றம் அடிக்கிற தன் வலது கையை, முழங்கையும் தோளும் உடம்பும் சேர்ந்த அசல் கையை, குற்றாலிங்கத்தின் பிடரியில் வைத்தான். இடது பக்கமாகத் திருப்பினான். ஒரு தள்ளுத் தள்ளினான்.

குற்றாலிங்கம் நடந்தார். யாரும் தள்ளாமல் நடக்கிற மனிதரைப் போலவே, கையை நன்றாக வீசிக்கொண்டு நடந்தார்.